இட்லிக் குண்டானில் பனிப்புகை

ஆடி பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பாடாலூர்ப் பக்கம் மேற்கேயிருந்து வரும் மேல்காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும் அந்த நாட்களில், அரியமுத்துவின் பட்டறையில் மட்டும் வெங்காயம் வியர்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் பட்டறை என்றால் வெங்காயம் வைக்கும் பட்டறைதான். வரிசையாகக் கல் போட்டு, அதன்மேல் மூங்கில் பரப்பி, இரு பக்கமும் நெருக்கமாகக் கழி நட்டு, ஒரு ரயில் பெட்டியைப் போல ஒடுக்கமாகவும் நீளமாகவும் கட்டி, மேலே ஓலை வேய்ந்திருப்பார்கள். சின்ன வெங்காயத்தைக் காய்ந்த இலைத் தாளோடு உள்ளே அடுக்குவார்கள். காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தால் மூன்று மாதம் ஆனாலும் காய் கல் மாதிரி இருக்கும். அரியமுத்து வீட்டில் வைப்பது சமையலுக்குப் போகும் காய் அல்ல, விதைக்காய். புரட்டாசியில் ஊன்றுவதற்கென்றே பொறுக்கி எடுத்தது. குன்னம் வட்டாரத்தில் ஐம்பது குடும்பம் அதை நம்பித்தான் நிலத்தை உழுது வைத்திருக்கும். "வையாபுரி வூட்டுக் காயா? அப்ப சரி" என்பார்கள். வையாபுரி, அரியமுத்துவின் தகப்பனார். அவர் போய்ப் பதினெட்டு வருடம் ஆகியும் காய் அவர் பேரில்தான் போகிறது.

அந்த ஐம்பது குடும்பத்துக்கும் காயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் லப்பைக்குடிக்காட்டு வியாபாரி அப்துல் சலாம். அவர் பட்டறையைப் பார்க்கும் முறை ஊருக்கே தெரியும். சட்டைக் கையை மடித்துவிட்டு, கழிகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விடுவார். ஒரு பிடி அள்ளி வெளியே எடுப்பார். அதில் ஒரு காய் கொழகொழவென்று இருந்தாலும் வாய் திறந்து குறை சொல்லமாட்டார். டீ குடிப்பார், பிள்ளைகளை விசாரிப்பார், போய்விடுவார். அந்த வருடம் அந்த வீட்டுக் காயைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

சலாம் பாய் அடுத்த புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று வியாழன்.

அரியமுத்து விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் பட்டறைக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்தார். வடக்குப் பாதியில் காய் சலசலத்தது. தெற்குப் பாதியில் விரல் வழுக்கியது. கையை முகர்ந்து பார்த்தவர், வாய்க்காலில் இரண்டு முறை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அவர் மனைவி முத்தாயிக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"என்னங்க, இன்னிக்கும் அழுவலா?"

"மெதுவாப் பேசு."

"யாரு கண்ணு பட்டுச்சோ! அப்பவே சொன்னேன், அம்மாம் பெரிய சொவத்தக் கட்டி ரோட்ல போற வர்றவனெல்லாம் பாக்குற மாதிரி பேரு எழுதாதீங்கன்னு. பூசணிக்கா சுத்திப் போடணும்."

"சுவத்தப் பத்திப் பேசாத" என்றார் அரியமுத்து.

சுவர் பங்குனியில் எழுந்தது. பட்டறைக்கு மேற்கே, நெடுஞ்சாலையைப் பார்த்தாற்போல், ஆளுயரத்துக்கு மேலே சிமெண்டுக் கல்லில் கட்டியது. திருச்சியிலிருந்து சென்னை போகிற பஸ்ஸில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டும் என்று நீல எழுத்தில் "வையாபுரி விதைக்காய்ப் பட்டறை" என்று எழுதி வைத்திருந்தார். பட்டறையின் முழு நீளத்துக்கும் இழுக்கத்தான் எண்ணம். கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டதால் பாதியில் நின்றது. தகப்பனாருக்கு மகன் செய்த ஒரே ஆடம்பரம் அது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை.

அழுகல் வாடை மருமகள் பரிமளாவின் மூக்குக்கும் எட்டியிருந்தது. அவள் அரியலூர்க்காரி. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் அப்பா மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பத்து வயதிலிருந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிய கை அவளுடையது. கல்யாணமாகி வந்த நான்கு வருடத்தில் இந்த வீட்டில் ஒரு சாமான்கூடக் கடைக்குப் பழுது பார்க்கப் போனதில்லை. அரியமுத்து இதை வெளியில் சொன்னதில்லை. வீட்டுப் பெண்களின் திறமையை வெளியில் பேசுவது அவருக்கு வழக்கமில்லை.

அன்று சாப்பாடு போடும்போது அவள் கேட்டாள்.

"மாமா, பட்டறைக்குள்ள காத்து சரியாப் போவுதான்னு பாத்தீங்களா?"

"காத்துக்கென்னம்மா? அங்க போய் நின்னா துண்டு பறக்குது. நேத்து முண்டாசே போயிடுச்சு."

"தலைக்கு மேல பறக்குது மாமா. காலுகிட்ட?"

அரியமுத்து சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். காலருகே காற்று எப்படி இருக்கிறது என்று எவன் பார்த்தான்?

"கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பாக்குறது?"

"தெரிய வைக்கலாம். புகை வுட்டா அது போற வழிதான் காத்து போற வழி."

"சாம்பிராணி போட்டுடலாமா?" என்றாள் முத்தாயி.

"அது சூட்டுப் புகை அத்தை. காத்து இருந்தாலும் இல்லாட்டியும் நேரா மேலதான் ஏறும். ஓலைக்குப் பக்கத்துல நெருப்பும் ஆகாது. குளிர்ந்த புகை வேணும், தரையோட போறது. கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை மேகத்துல நடந்து வர்ற மாதிரி விடுவாங்கள்ல, அந்தப் பனிப்புகை. அந்த மெஷினு எங்க அப்பா கடைக்கு ரிப்பேருக்கு வரும். ஆடி மாசம் கல்யாணமும் இல்ல, பெரம்பலூர்ல வாடகைக்குச் சும்மாதான் கெடக்கும்."

அரியமுத்து இலையை மூடினார்.

"வேணாம். கல்யாணப் புகை மெஷின் எதுக்கு வையாபுரி பட்டறைக்குப் போவுதுன்னு கொண்டாரவன் கேப்பான். சாயங்காலத்துக்குள்ள பாடாலூர் டீக்கடைல தெரிஞ்சிரும். இது வூட்டு விஷயம். வூட்ட வுட்டு வெளில போவக் கூடாது."

"சரிங்க மாமா" என்றாள் பரிமளா. இலையை எடுத்துக்கொண்டே, "அப்ப வூட்டுச் சாமான்லயே செஞ்சிடுறேன்" என்றாள்.

அவர் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றுதான் நினைத்தார். மறுநாள் காலை சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தபோதுதான் பெட்டியைக் காணவில்லை. பின்கட்டில் அது கைப்பிடி கழன்று, தகடு வானத்தைப் பார்த்தபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே கிடந்தது. முப்பது வருடமாக அவர் வேறு யாரிடமும் தராத பெட்டி.

"ஒரு வாரத்துக்குத் தாங்க மாமா. திரும்ப மாட்டித் தந்துடுவேன்."

கேட்காமல் எடுத்ததற்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த விதம் அவரைப் பேசவிடவில்லை. சுற்றிலும் திருகுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். விதைக்காய் பொறுக்குகிறவர்களிடம் அவர் எதிர்பார்க்கும் ஒழுங்கு அது. அரியமுத்து அன்று கசங்கிய சட்டையோடு, வயலுக்குப் போகாமல், பின்கட்டிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவள் செய்தது இதுதான். பழைய அலுமினிய இட்லிக் குண்டான் ஒன்றை எடுத்து, அதன் உள்ளே அடியில் இஸ்திரிப் பெட்டியை மல்லாக்க வைத்தாள். மூடியில் ஓட்டை போட்டு, வயலில் மிச்சம் கிடந்த சொட்டுநீர்க் குழாயின் ஒரு துண்டைச் சொருகினாள். சூடான தகட்டின் மேல் திரவம் சொட்டுச் சொட்டாக விழுவதற்கு. குண்டானின் ஒரு பக்கத்தில், கல்யாணச் சீரில் வந்த தலைமுடி உலர்த்தியைப் பொருத்தினாள். அதன் சூட்டுக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டாள். அது இனி ஊத மட்டும் செய்யும். மறு பக்கத்தில் வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாய். அந்த நெளிவுக் குழாயை ஒரு வாளிக்குள் மூன்று சுற்றுச் சுற்றி, வாளி நிறைய ஐஸ் போட்டாள். சூடாகக் கிளம்பும் புகை ஐஸுக்குள் சுற்றி வரும்போது குளிர்ந்து கனத்துவிடும் என்றாள். ஐஸுக்காக வீட்டிலிருந்த டிபன் டப்பாவெல்லாம் தண்ணீரோடு பிரிட்ஜுக்குள் போயின. பாலுக்கு இடம் இல்லாமல் முத்தாயி புலம்பினாள்.

திரவத்துக்குக் கிளிசரின் வேண்டும், அதோடு கலக்கச் சுத்தமான தண்ணீர். தண்ணீருக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கி வைத்திருந்த கேன் இருந்தது. கிளிசரின் முத்தாயி குதிகால் வெடிப்புக்குத் தடவும் பாட்டிலில் கால்வாசிதான். மருந்துக் கடைக்கு முத்தாயியே போனாள்.

"ஆறு பாட்டிலான்னு கேட்டான் அந்தப் பய" என்று திரும்பி வந்து சொன்னாள். "காலு வெடிப்புன்னேன். யானைக்கா அத்தைன்னான். என் மானம் போச்சு."

"உன் மானம் காலோட போச்சு. பரவால்ல" என்றார் அரியமுத்து.

முதல் முறை போட்டபோது குண்டானிலிருந்து வந்தது கரும்புகை. கண் எரிந்தது, தொண்டை கமறியது. முத்தாயி கோழிகளை விரட்டிக்கொண்டு தெருப்பக்கம் ஓடினாள். பரிமளா ஓடவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினாள். "சூடு அதிகம். கருகுது" என்றாள். பெட்டியின் சூட்டுத் திருகைப் பட்டுத்துணி அளவுக்குத் திருப்பி மறுபடி போட்டாள். இம்முறை தகடு திரவத்தில் நனைந்து கிடந்ததே தவிர ஒன்றும் எழவில்லை. மூன்றாம் முறை, நான்காம் முறை. திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் எங்கே நிறுத்தினாள் என்று பின்கட்டுச் சுவரில் கரியால் கோடு கிழித்தாள். சலிப்பு முகத்தில் தெரியவே இல்லை. அரியமுத்து தன் தகப்பனாரைத் தவிர வேறு யாரையும் இவ்வளவு நேரம் கண் எடுக்காமல் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழாவது கோட்டில் அது வந்தது. நெளிவுக் குழாயின் வாயிலிருந்து வெள்ளையாக, அடர்த்தியாக, சத்தமே இல்லாமல் இறங்கித் தரையில் படர்ந்தது. மேலே எழவில்லை. பின்வாசற்படியில் ஒரு நொடி தயங்கி, பிறகு படி படியாக வழிந்தது. மகன் அறிவரசன் சிமெண்ட் ஆலை வேலை முடிந்து அப்போதுதான் அரியலூரிலிருந்து வந்து பின்வாசலில் வண்டியை நிறுத்தினான். முழங்கால் வரை மேகத்தில் நின்றபடி, "என்னப்பா நடக்குது வூட்ல?" என்றான்.

"பேசாம நில்லு. கலைச்சிராத" என்றார் அரியமுத்து.

அவர் குனிந்து அதில் கையை விட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. துணி தேய்க்கிற பெட்டியும் இட்லி அவிக்கிற குண்டானும் சேர்ந்து மார்கழியைக் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்திருந்தன. பாராட்டிச் சொல்ல வாய் வரை வந்தது. "நாளைக்குக் காலைல பட்டறைக்குக் கொண்டுபோவோம்" என்று மட்டும் சொன்னார்.

திங்கள் காலை வெயில் ஏறியதும் மேல்காற்று தொடங்கியது. மோட்டார் கொட்டகையிலிருந்து வயர் இழுத்தான் அறிவரசன். பரிமளா முதலில் குண்டானைப் பட்டறையின் வடக்குக் கோடியில், சுவர் இல்லாத பக்கத்தில் வைத்தாள். புகை இறங்கியதும் காற்று அதை வாரிக்கொண்டு போனது. கழிகளின் இடுக்கு ஒவ்வொன்றிலும் நுழைந்து, காய்க்குள் ஊடுருவி, கிழக்குப் பக்கம் சீப்பால் வாரியதைப் போல இழை இழையாக வெளியே வந்தது. முத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு தெற்குக் கோடி. சுவருக்கும் பட்டறைக்கும் நடுவே இருந்த பதினைந்து அடி இடத்தில் குண்டானை வைத்தாள். அரியமுத்துவின் துண்டு அங்கேயும் படபடத்தது. புகை இறங்கியது. கிழக்கே போகவில்லை. தேங்கி நின்றது. அப்புறம், யாரோ கூப்பிட்டதைப் போல, மெல்லத் திரும்பியது. காற்று வரும் திசையை நோக்கி, மேற்கே, சுவரைப் பார்த்து ஊர்ந்தது.

"என்னடா இது! மேல்காத்து அடிக்கையில புகை மேக்கால போவுது?" என்றாள் முத்தாயி.

சுவரின் அடியைத் தொட்ட புகை அதன்மேல் ஏறியது. ஒவ்வொரு நீல எழுத்தாக மூடிக்கொண்டு உச்சிக்குப் போனது. உச்சியில் காற்று அதைச் சட்டென்று பிடுங்கி, பட்டறையின் கூரைக்கும் மேலாக, கிழக்கே வீசி எறிந்தது. கீழே பட்டறைக்குள் ஒரு இழைகூட நுழையவில்லை. காற்று சுவரைத் தாண்டிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. அதன் காலடியில் காய் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

தலைமுடி உலர்த்தி ஊதிக்கொண்டே இருந்தது.

அரியமுத்து மருமகளைப் பார்த்தார். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்னம்மா சொல்லுது இது?"

"காத்து போற வழியக் காட்டுது மாமா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அவளுக்கு முதல் நாளே தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவர் என்ற சொல்லை அவள் ஒரு தரம்கூட வாயில் எடுக்கவில்லை. மாமனாரிடம் சொல்ல முடியாததைக் காற்றின் வாயால் சொல்ல வைப்பதற்காக நான்கு நாள் குந்தியிருக்கிறாள். பெரிய மனுஷர்கள் பஞ்சாயத்தில் பேசும்போதுகூட இந்த நயத்தை அவர் கண்டதில்லை.

"கீழ் வரிசைல விட்டு விட்டுக் கல்லை எடுத்துட்டாப் போதும்ப்பா" என்றான் அறிவரசன். "காத்து ஓட்டை வழியா வந்துரும். மேல தாத்தா பேரு இருக்கட்டும்."

"எங்க அப்பன் பேரு சல்லடை மேல நிக்கணுமா? கடப்பாரைய எடு."

முதல் அடியை அவரே அடித்தார். "வை" என்ற எழுத்தில்தான் விழுந்தது. அறிவரசன் அன்று வேலைக்குப் போகவில்லை. மாலைக்குள் சுவர் தரையோடு தரை ஆனது. கற்களை ஓரமாக அடுக்கினார்கள். அடுத்த நாள் தெற்குப் பாதியைப் பிரித்து, கெட்டதைப் பொறுக்கி எடுத்துக் குழியில் கொட்டி, நல்லதைக் காற்றாட விட்டு மறுபடி அடுக்கினார்கள். பத்து மூட்டை குழிக்குப் போனது. பரிமளா திரும்பவும் குண்டானைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள். புகை ஒரு கணமும் நிற்காமல் பட்டறைக்குள் பாய்ந்தது. அரியமுத்து கிழக்குப் பக்கம் போய் நின்று, இழை இழையாக வெளியே வந்ததைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை பத்து மணிக்கு அப்துல் சலாம் வந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் சாலையோரத்துக் கல் அடுக்கைப் பார்த்தார், அரியமுத்துவின் கசங்கிய சட்டையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, நலம் விசாரித்துவிட்டு, கையை மடித்துக்கொண்டு பட்டறையை நோக்கி நடந்தார்.

"பாய், கைய வைக்காதீங்க."

சலாம் நின்றார்.

"தெக்குப் பாதி அழுவிருச்சு. பத்து மூட்டையக் குழில கொட்டினேன். மிச்சத்த அடுக்கி ஒரு நாள்தான் ஆவுது. இப்ப கைய விட்டா நல்ல காய்தான் வரும். ஆனா உள்ள இன்னும் ஈரம் எங்க பதுங்கியிருக்குன்னு எனக்கே தெரியாது. இருபது நாள் காத்து வாங்கட்டும். அப்புறம் வந்து கைய விட்டுப் பாருங்க. வடக்குப் பாதிக்கு இப்பவே நான் பொறுப்பு. தெக்குக்கு இன்னிக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

தன் வீட்டுக் காயில் பழுது இருக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. சலாம் மடித்த கையை இறக்கிவிட்டார்.

"சொவரு தானேண்ணே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சித்திரைல வந்தப்பவே நெனைச்சேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்?"

"உங்ககிட்டயா?" என்றார் சலாம்.

முத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அரியமுத்து திரும்பினார். வாயை மூடியிருந்த மனைவியையும், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த மகனையும் பார்த்தார். ஊரில் எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்?

"அப்புறம் உங்ககிட்ட எவன் தைரியமாச் சொன்னான்?" என்று சலாமே கேட்டார்.

"யாரும் சொல்லல. எங்க வூட்டு மருமவ காமிச்சா."

அதற்குப் பிறகு அவர் வாயை அடைக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டி, குண்டான், ஐஸ், ஏழு கோடு, காற்றை எதிர்த்துப் போன புகை என்று ஒன்றையும் விடவில்லை. மோட்டார் கொட்டகையில் இருந்த பொருளைத் தானே தூக்கிவந்து, சொட்டுக் குழாய் எது, ஊதுவது எது என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். பரிமளா அவர் தப்பாகச் சொன்ன இரண்டு இடங்களைத் திருத்தவில்லை.

சலாம் குந்தி உட்கார்ந்து குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "துபாய்ல ஏசிக் காத்துக் குழாய்ல புகை விட்டுத்தான் ஓட்டை கண்டுபிடிப்பானுங்க. அந்த மெஷின ரெண்டு பேரு தூக்கணும். அண்ணே, என் குடோன்லயும் ஒரு மூலை எப்பவும் புழுங்குது. இத ஒரு நாள் அனுப்பி வைங்களேன்."

"சாமான மட்டும் அனுப்பி என்ன பண்ணுவீங்க? கோடு அவளுக்குத்தான் தெரியும்."

"அப்ப புள்ளையயும் அனுப்பி வைங்க."

அரியமுத்து நிமிர்ந்தார். சட்டை கசங்கியிருந்தாலும் முதுகு கசங்கவில்லை.

"எங்க வூட்டுப் பொண்ண நீ போ, நீ வான்னு நான் அனுப்புறதில்ல பாய். வேணுங்கறவங்க அவகிட்டயே கேக்கணும். அந்தா நிக்குறா."

சலாம் எழுந்தார். லுங்கியைச் சரிசெய்துகொண்டு பரிமளாவின் பக்கம் திரும்பி, பெரியவர்களிடம் பேசும் குரலில், "வந்து பாத்துச் சொல்றியாம்மா?" என்றார்.

பரிமளா மாமனாரைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே பட்டறையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேங்க பாய்" என்றாள். "குடோன் எவ்வளவு நீளம்? எந்தப் பக்கம் சன்னலு இருக்கு? அத மொதல்ல சொல்லுங்க. ஐஸு ஒரு மூட்டையாவது வேணும், எங்க அத்த இனிமே பிரிட்ஜத் தொட வுடமாட்டாங்க."